ஆமை தோண்டிய இடம்

"எம் பிள்ளைய எங்க பொதைச்சிய?"

இதை மட்டும் கேட்கக் கூடாது என்று மாமியார் ராகேலிடம் சொல்லி வைத்திருந்தாள். அவள் கேட்டாள். புருஷன் ஜேசுதாஸ் முகம் பார்க்காமல் சொன்னான்: "செத்துப் பொறந்ததுக்கு எடம் என்னட்டி எடம்... வா, ஆமை கரைக்குக் கேறுத காலம். பாத்தா மனசு ஆறும்."

சிரிக்காதீர்கள், நடந்ததைச் சொல்கிறேன். ராகேல் என் சிநேகிதி பிலோமினாவின் மதினி. ஐம்பத்திரண்டாம் வருஷம், மாசி மாதம். நடுச்சாமம். கடியப்பட்டணத்துக்குக் கிழக்கே தாழங்காட்டை ஒட்டிய மணல் தடம்... குடிசை இல்லை, நாய்கூட இல்லை.

"பீடி பத்தப்பிடாது. வெளிச்சம் கண்டா ஆமை திரும்பிரும். அதுக்குப் பொறத்தாலதான் இருக்கணும். முட்டை விழுகது வரைக்கும் சத்தம் காட்டாத" என்றான்.

"நான் பெத்தப்பம் இந்தக் கவனம் எங்க போச்சு?"

அவன் கடலைப் பார்த்துக் குந்தினான்.

ஆமை வந்தது. புஸ்... புஸ்... என்று மூச்சு. அவர்களைத் தாண்டி நேரே ஒரு தாழைமூட்டுக்குப் போயிற்று. பின்னங்காலால் மணலைத் தோண்டியது. சரக்... சரக்... நின்றது.

அப்போது அந்த வாடை. பாசி இல்லை, மீன் இல்லை. வசம்பு. பிறந்த பிள்ளைக்கு உரைத்துப் போடுகிற வசம்பு.

குழிக்குள்ளிருந்து... அழுகை. நூல் மாதிரி.

சத்தம் கூடாதென்றவன்தான் அலறினான். "மாதாவே, அங்க மட்டும் தோண்டாத!"

ராகேல் மெல்லத் திரும்பினாள். "உசிரோடயா பொறந்துது?"

"ஒரு தடவ அழுதுது... கோயில் உபதேசியார விளிச்சு ஞானஸ்நானம் குடுக்கணும்னு ஓடினேன். வாறதுக்குள்ள..."

"நீங்களே தண்ணி ஊத்தியிருக்கலாமே. சாவப்போற பிள்ளைக்கு ஆரும் ஊத்தலாமே!"

"எனக்குத் தெரியாம போச்சே..."

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. ஒரு முழம் மண்தான் வேண்டும். அதுவும் இல்லை என்றார்கள் கோயிலில். அவனும் தாயும் இரவோடு இரவாக இந்த மணலில் மூடிவிட்டு, அவளிடம் செத்துப் பிறந்தது என்று சொல்லிவிட்டார்கள்.

அவன் அலறியும் ஆமை ஓடவில்லை. முட்டையும் இடவில்லை. அள்ளிய மணலைத் திரும்பக் குழிக்குள் தள்ளியது. பிறகு உடம்பைத் தூக்கித் தூக்கி அதன்மேல் தட்டியது. தொப்... தொப்... தொப்... பிள்ளையைத் தட்டித் தூங்கப் பண்ணுவோமே, அந்த மாதிரி. அழுகை குறைந்தது... விக்கியது... அடங்கியது. ஆமை கடலுக்குள் போய்விட்டது.

ஜேசுதாஸ் விழுந்து இரண்டு கையாலும் தோண்டினான். முழங்கை ஆழத்தில் துணி தட்டுப்பட்டது. அவன் வேட்டியைக் கிழித்துச் சுற்றிய பொதி. போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தான்.

உள்ளே ஒன்றுமில்லை. துணி மட்டும் சூடாக இருந்தது.

நிமிர்ந்தான். ராகேல் தடத்தில் ஏறியிருந்தாள். மாராப்பை இழுத்து மூடி, ஒரு கையை நெஞ்சோடு வளைத்திருந்தாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"ஏட்டி, எங்க போற? வீடு இந்தப் பக்கமில்லா இருக்கு..."

"ஒங்க வீட்டுக்கு இனி நாங்க வரல்ல" என்றாள். நடந்தாள்.