அறுபத்து மூணு போதுமா?

– அப்போ நான் போட்டது தப்புன்றியா எழிலா?

– தப்பேதான்க்கா. ரெண்டு இலக்க நம்பரு ஒண்ணு. இலக்கம் ரெண்டையும் கூட்டினா ஒம்பது. பெருசுலேருந்து சின்னதைக் கழிச்சா மூணு. அந்த நம்பரு இன்னான்னு சொல்ல இந்தத் தகவல் போதுமா, போதாதான்னு கேட்டான். அறுபத்து மூணு! முடிஞ்சி போச்சு. ‘போதும்’னு வட்டத்தைக் கருப்பாக்கிட்டு வந்துட்டேன்.

– நானும் மொதல்ல அறுபத்து மூணுன்னுதான்டா கண்டுபுடிச்சேன். அப்பறம் இன்னாவோ இடிச்சுது. ‘போதாது’ன்னு போட்டுட்டேன்.

– இன்னாக்கா நீ! விடையே கைக்கு வந்தப்பறம் போதாதுன்றே?

– தலை சுத்துதுடா. கொஞ்சம் நவுந்து உக்காரு, மேல்மலையனூர் கோயிலுக்குப் போற கூட்டம் பஸ்ஸுல மேலேயே வந்து விழுது. அமாவாசை அன்னிக்குத்தான் பரீட்சை வெக்கணுமா?

– பேச்சை மாத்தாதே. போன தடவை எத்தினி மார்க்குல போச்சு உனக்கு?

– ஒரே மார்க்கு. இனிமே எழுத வயசும் கெடையாது. இதையும் கோட்டை வுட்டேன்னா தையக் கடையில காஜா எடுத்துக்கினே கெடக்க வேண்டியதுதான்.

– சரி, அழாதே. ஏன் போதாதுன்னு போட்டே, அதைச் சொல்லு.

– ஆறும் மூணும் ஒம்பது. மூணும் ஆறும்? அதுவும் ஒம்பதுதானே?

– ஆமா, அதுக்கின்னா?

– அப்போ முப்பத்தாறும் வருதில்ல? எந்த இலக்கம் முன்னாடி நிக்கும்னு அவன் சொன்னானா? எனக்கு ஒரே கொழப்பமா இருக்குது.

– இரு, இரு. சொல்லல. சத்தியமா சொல்லலக்கா. ஐயையோ, ரெண்டு நம்பரு வருதே! நீ போட்டதுதான் ரைட்டு. கோச்சிங் கிளாஸ் போனவன் நானு, பாஸாவப் போறவ நீயி!

– நெஜமாவாடா? மத்ததெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கேன். அப்போ வேலை கெடச்சுடும்ல?

– கெடைக்காம? செஞ்சியில எறங்கினதும் பரோட்டா உன் செலவு. ஹால் டிக்கெட்டைக் குடு, உன் நம்பரைப் போன்ல ஏத்திக்கிறேன். கடைசி ரெண்டு இலக்கம் மடிப்புல சரியா தெரியல.

– அறுபத்து மூணு.

– இல்லியே, முப்பத்தாறுன்னுல்ல இருக்குது.

– நல்லாப் பாருடா.

– முப்பத்தாறேதான். ஏன்க்கா மூஞ்சி வெளுத்துப் போச்சு? தாள்ல நம்பரு ஒழுங்காத்தானே போட்டே? அது தப்பாச்சுன்னா தாளைத் திருத்தவே மாட்டான்.

– நேரம் மிச்சமாவும்னு நம்பர் வட்டத்தைக் கடைசிக்கு வெச்சிருந்தேன்டா. பெல் அடிச்சுட்டான், இந்தக் கணக்கு தலைக்குள்ள ஓடிக்கினே இருந்துச்சு, அறுபத்து மூணுன்னு போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன்.