மதியம் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது

முதலில் அந்த ருபார்ப் கேக்கைச் சாப்பிடுங்கள், ஷெரிஃப். என் தோட்டத்து ருபார்ப், நல்ல புளிப்புத் தண்டு. போன வருடம் ஒரு தண்டை வெட்ட ரம்பம் எடுத்துவர வேண்டியிருந்தது. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு.

வென்டெலைப் பற்றிக் கேட்கத்தானே வந்தீர்கள். நாற்பது வருட நண்பன். ஊருக்கே பல் பிடுங்கியவன். பாதி ஊர் சூப் குடித்து உயிர் வாழ்வதற்கு அவன்தான் காரணம். அவனிடம் பாய்மரப் படகு இருந்தது, என்னிடம் மூளை இருந்தது. இரும்புத்தாதுக் கப்பல்களில் முப்பத்தொரு வருடம் வழி குறித்தவன் நான்.

மே கடைசியில், பனிக்கட்டி விலகியதும், சுப்பீரியர் ஏரியை நீளவாக்கில் கடந்து ஹியூரான் ஏரிக்குள் இறங்குவது. நானும் அவனும். இதுதான் திட்டம். மூன்று குளிர்காலம் இதே மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். நாற்பத்தாறு பக்கம். எந்தக் காற்றுக்கு எந்தத் துறைமுகத்தில் ஒதுங்குவது, மூடுபனி இறங்கினால் என்ன செய்வது, எல்லாம் இருந்தது. அந்த மாதத்தில் தண்ணீர் மூன்று டிகிரி. கொஞ்ச நேரத்தில் விரல்கள் சொன்னபடி கேட்காது. ஆகவே நான்கு பேர் உட்காரும் உயிர்காப்புத் தெப்பம் கட்டாயம் என்று சிவப்பில் எழுதினேன். வென்டெல் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘பீர் பெட்டி’ என்று எழுதினான்.

அதற்கெல்லாம் நான் கோபப்படவில்லை.

ஏப்ரலில் படகு கிளப்பில் வெள்ளிக்கிழமை மீன் விருந்து. வென்டெல் என் திட்டத்தைத் தூக்கிக் காட்டினான். "நம்ம ஹால்வர் மூத்திரம் போற நேரத்தைக்கூடக் குறிச்சு வெச்சிருக்கான், பாருங்கப்பா" என்றான். நாற்பது பேர் சிரித்தார்கள். நாலாயிரம் பேர் சிரித்தது போல என் காதில் விழுந்தது. பிறகு என் தோளில் கை போட்டான்.

"உன் முட்டி தாங்காதுடா. என் மருமகன் கர்ட்டிஸைக் கூட்டிட்டுப் போறேன். நீ கரையில இருந்து பாத்துக்க. உன்னைவிட நம்பகமான ஆள் எனக்கு யாருடா இருக்கான்?"

"அதுவும் சரிதான்" என்றேன். தட்டிலிருந்த மீனை முழுதாகச் சாப்பிட்டேன். முள்ளைக்கூட விட்டுவைக்கவில்லை என்று பரிமாறிய பெண் சொன்னாளாம்.

கரையில் இருப்பவனின் வேலை எளிது. தினமும் காலையில் படகிலிருந்து ரேடியோவில் குரல் வரும். குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் கடலோரக் காவல்படைக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அந்த நேரம் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. மதியம் பன்னிரண்டு. கீழே வென்டெலின் கையெழுத்து. படித்துப் பார்த்துப் போட்டானா என்பது அவன் பாடு.

நேற்று, அவர்கள் புறப்பட்ட இரண்டாம் நாள், காலை எட்டு ஐம்பதுக்குக் குரல் வந்தது. கையில் பிடிக்கும் சின்ன ரேடியோ. அது அதிக தூரம் எட்டாது. குன்றின் மேலிருக்கிற என் வீட்டு ரேடியோக் கம்பத்துக்கு மட்டும் எட்டியிருக்கிறது. அந்தக் கம்பத்தின் உயரத்துக்கு நிலாவில் பேசுவதுகூடக் கேட்கும்.

"ஹால்வர், கேக்குதாடா? மிதந்து வந்த மரத்துல இடிச்சுப் படகு போயிருச்சு. ரப்பர் படகுல ஒருத்தனுக்குத்தான் இடம், கர்ட்டிஸை ஏத்திட்டேன். நான் தண்ணியில தொங்கிட்டிருக்கேன். நீ குறிச்ச முதல் தீவுக்குக் கிழக்க நாலு மைல். ஆளனுப்பு."

"கேக்குது, வென்டெல். வர்றாங்க."

ஆமாம், கர்ட்டிஸ் உங்களிடம் சொன்னது உண்மை. அது என் குரல்தான்.

நான் ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். திட்டத்தில் பன்னிரண்டு என்று இருந்தது. தெப்பத்தை அடிப்பது, ஆளை மாற்றுவது என்று இஷ்டத்துக்குத் திட்டத்தைத் திருத்துகிறவன் வென்டெல். நான் அப்படியில்லை. ருபார்பை நறுக்கினேன், மாவு பிசைந்தேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களே, அதேதான்.

ஒன்பதே முக்காலுக்கு மறுபடி கூப்பிட்டான். "எங்கடா அவங்க? காலு இருக்கா இல்லையான்னே தெரியல."

"வந்துக்கிட்டே இருக்காங்க. தாக்குப் பிடி."

"நீ மட்டும் கூட இருந்திருந்தா தெப்பத்தைத் தலையில கட்டியாவது ஏத்தியிருப்ப, கிழட்டுப் பயலே" என்றான். சிரிக்கப் பார்த்தான்; பல் கிட்டித்துக்கொண்டது. நாற்பது வருடத்தில் அவன் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்போது மணி ஒன்பது நாற்பத்தேழு. கேக்கை அடுப்பில் வைத்தேன்.

பத்தரைக்குப் பிறகு கர்ட்டிஸ்தான் பேசினான். பேச்சு என்ன, அழுகை. சத்தத்தைக் குறைத்து வைத்தேன். சரியாகப் பன்னிரண்டுக்குக் காவல்படையைக் கூப்பிட்டேன். அவர்கள் அரை மணியில் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாருங்கள், நான் கணக்கிட்ட நேரம்கூட அதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எப்படியும் கண்டுபிடிப்பீர்கள். அந்தக் கடைசிப் பக்கத்தில் முதலில் காலை ஒன்பது என்றுதான் இருந்தது. மீன் விருந்து முடிந்து வந்து அழித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினேன். இந்தாருங்கள், நீங்களே பாருங்கள். கோபத்தில் எழுதியிருந்தால் எழுத்து கோணியிருக்கும். எவ்வளவு நேராக இருக்கிறது.