வெளியாள் இரத்தம்

எனக்கு ஒருவருடைய மூக்கைப் பார்த்தாலே யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லத் தெரியும். உக்குவளையில் பிறந்த யாருக்கும் அது வரும். சொந்தத்துக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வாழ்கிற ஊர். நீங்கள் விசாரணைக் குழுவிலிருந்து வந்திருப்பதால் இதை முதலில் சொல்கிறேன். எங்கள் ஆய்வுக்கு இயந்திரங்களைவிட இந்த அறிவுதான் அதிகம் தேவைப்பட்டது.

என் உம்மாவின் குடும்பத்துப் பெண்களை மார்புப் புற்றுநோய் விடுவதில்லை. உம்மாவின் மூத்த சகோதரி அபீபா பெரியும்மா வரைக்கும் அது வந்துவிட்டது. ஏற்கெனவே தெரிந்த பரம்பரையலகுகள், மரபணு என்பார்களே, அவை எதிலும் பிழை இல்லை. ஆகவே, நோயைத் தரும் பரம்பரையலகு எந்த நிறமூர்த்தத்தில், அந்தக் குரோமோசோமில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடத் தொடங்கினோம். நோயுற்ற பெண்கள் எல்லோரிடமும் காணப்படுகிற, ஊரில் மற்றவர்களிடம் இல்லாத ஒரு மாற்றம் எங்கே இருக்கிறதோ, அதுதான் இடம். குடும்பத்தைக் கொண்டுவந்தவள் நான். கூட வேலை செய்தவள் சுபாஷினி. மாத்தளை நகரத்துப் பிள்ளை, பள்ளிக்கூடத்திலிருந்தே என் சிநேகிதி.

பொறாமை என்ற சொல்லை நீங்கள் தயங்கித் தயங்கிச் சொல்ல வேண்டாம்; நானே சொல்லிவிடுகிறேன். "சுபாஷினி ஊசி குத்தினா குத்தினதே தெரியாது" என்று என் உம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பெருநாளைக்கு வட்டிலப்பம் அவித்தால் முதல் துண்டு அவளுக்கு எடுத்து வைக்கப்பட்டது. பெரியும்மா வலி தாங்காமல் பிடிக்கக் கேட்டதும் அவள் கையைத்தான். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். அன்று முதல், ஆய்வுக்குத் தலைவரான எங்கள் பேராசிரியர் எங்கள் வம்சத்தை "சுபாஷினி குடும்பம்" என்று அழைக்க ஆரம்பித்தார். மௌத்தாகி மண்ணுக்குப் போனவர்கள் என் ஆட்கள், பெயர் மட்டும் அவளுக்கு. 

அதன்பின் ஒரு சோதனைதான் பாக்கி. அந்த மாற்றம் ஊருக்கே பொதுவானது அல்ல என்று காட்ட வேண்டும். அதற்காக, எங்களோடு இரத்த உறவு இல்லாத ஊர்க்காரர்களின் இரத்தத்தில் அந்த இடத்தை மட்டும் பார்ப்பதாக முடிவு. ஆட்களைத் தெரிந்தெடுத்துக் கூட்டி வருவது என் பொறுப்பு. மற்றவர்களோடு அம்றாவையும் கூட்டி வந்தேன்.

அம்றா, ஸைனம்பு மாமியின் ஒரே மகள். மாமி, பெரியும்மாவின் கணவருடைய தங்கை. எங்கள் இரத்தம் இல்லை. ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உண்மையில், பிள்ளையில்லாத அந்த மதினிக்கு, தான் பெற்ற அம்றாவைப் பிறந்த கையோடு தூக்கிக் கொடுத்தவர் பெரியும்மா. எங்கள் பக்கத்தில் இப்படிக் கொடுப்பது உண்டு. பெற்றவர் யாரென்பதை மறைப்பதற்குத்தான் மார்க்கத்தில் இடமில்லை. ஆனாலும் மாமியின் மனம் நோகக்கூடாதென்று மறைத்தார்கள். மௌத்தாவதற்கு முன் பெரியும்மா என்னைக் கிட்டக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அவள் நான் பெத்த புள்ள. ஒத்தருக்கும் செல்லாம அவளையும் ஒருக்காப் பாருங்க மகள். இது அமானிதம்."

அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லவில்லை. பார்க்கச் சொன்னார், இரத்தம் எடுத்துப் பார்த்தேன்.

தாயிடமிருந்து அந்த மாற்றம் பிள்ளைக்கு வருவதற்கும் வராமல் போவதற்கும் சரிபாதி வாய்ப்பு. அதை அல்லாஹ்வின் பொறுப்பில் விட்டேன். அம்றாவிடம் இருந்தது. என்னிடம் இல்லை; அதைத்தான் எல்லாவற்றுக்கும் முதலில் பார்த்தேன்.

முடிவைக் கண்டதும் சுபாஷினியின் முகம் வெளிறிவிட்டது.

"றிஸ்மி, இந்தப் பொண்ணு அபீபாம்மாவுக்கு ரத்த சொந்தமா? நல்லா யோசிச்சு சொல்லு."

"புருஷன்ட தங்கச்சிட மகள். வெளியாள்தான்."

"நிச்சயமா?"

"எங்கட குடும்பத்த எனக்குத் தெரியாதா?"

அவள் நம்பினாள். என்னை நம்புவது அவளுக்குச் சிறுவயதுப் பழக்கம். வெளியாளிடமே இருந்தால் ஊரில் இன்னும் எத்தனை பேரிடம் இருக்குமோ என்று சொல்லிப் பேராசிரியர் அந்த இடத்தைக் கைவிட்டார். தன் வேலையில் தனக்கே நம்பிக்கை போய், சுபாஷினி ஆய்வை விட்டாள். இப்போது மாத்தளையில் டியூஷன் கொடுக்கிறாள். அடுத்த பெருநாளைக்கு வட்டிலப்பத்தின் முதல் துண்டு எனக்கு வந்தது. நன்றாக இருந்தது.

அம்றா ஒரு பின்னேரம் கைப்பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"ராத்தா, கக்கத்துக்குக் கிட்ட ஒரு கட்டி மாதிரி ஈக்குது. டொக்டர்ட்ட காட்டணுமா?"

"பால் குடுக்கிற நேரம் அப்பிடித்தான். உங்கட உம்மாக்கு இப்பிடி ஏதும் வந்ததா?"

"இல்ல."

"அப்ப என்னத்துக்குப் பயம்?"

அந்த "இல்ல"யைச் சொன்னவள் அவள், நானல்ல என்பதைக் கவனியுங்கள். அவளை வைத்தியரிடம் அனுப்பியிருந்தால், இந்த வயதில் எப்படி வந்தது என்று வம்சத்தைக் கிளறியிருப்பார்கள். உண்மை வெளியே வந்திருக்கும். சுபாஷினி கண்டது சரி என்று ஆகியிருக்கும். மாமியின் மனமும் நொந்திருக்கும்.

வலி பொறுக்காமல் அவள் தானாகவே வைத்தியசாலைக்குப் போனபோது நோய் ஈரல் வரைக்கும் பரவியிருந்தது. அவள் மௌத்தான அன்று, மையித்து வீட்டில் மாமி நெஞ்சில் அடித்துக்கொண்டு, "அபீபா தந்த புள்ளய நான் காப்பாத்தல்லியே" என்று எல்லோர் முன்னாலும் அழுதார். இரகசியம் அவர் வாயாலேயே வெளியானது. அதன்பின் எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. வம்ச வரைபடத்தில் அம்றாவைப் பெரியும்மாவின் கீழே கொண்டுவந்தேன். எல்லாம் பொருந்தியது. வெளியாள் என்று தள்ளிவைத்த இரத்தமே மிகப் பெரிய சான்றாகிவிட்டது. கட்டுரை என் பெயரில் வந்தது. அதைக் கண்டுதான் சுபாஷினி உங்களிடம் முறையிட்டிருக்கிறாள்.

எழுதிக்கொள்ளுங்கள். அம்றா யாருடைய மகள் என்று தெரிந்தேதான் வெளியாளாகக் கூட்டி வந்தேன். அந்தக் கட்டி என்னவாக இருக்கும் என்று தெரிந்தேதான் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன்.

சுபாஷினியின் பெயரையும் கட்டுரையில் போட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். நானும் யோசித்தேன். ஆனால் அதை அம்றாவின் நினைவுக்கல்லவா சமர்ப்பித்திருக்கிறேன். அம்றா யாரென்றே தெரியாத ஒருத்தியின் பெயரை அதில் எப்படிப் போடுவது, நீங்களே சொல்லுங்கள்.