மேசை மேல இருந்த கார்டுகள்

யாராவது விசிட்டிங் கார்டு குடுத்தா உடனே பையில போட்டுக்கக் கூடாது, தெரியுமாக்கா? ரெண்டு கையாலயும் வாங்கி, நின்னு படிச்சுட்டு, மேசை மேல வைக்கணும். அதுதான் மரியாதையாம். அப்பா சொல்வாரு.

ஆனா அப்பாவுக்கு அது மரியாதை மட்டும் இல்ல. விபத்துல தலையில அடிபட்டதுலேர்ந்து வெளியாள் முகம் அவருக்கு நிக்கறதில்ல. அதனால எதிர்ல உக்காந்திருக்கற வரிசைப்படியே கார்டை அடுக்கி வெச்சுக்குவாரு. ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. நம்ம முகம் மட்டும் அவருக்கு மறந்ததே இல்ல.

நீ ஹாஸ்டல்ல இருக்கே, உனக்குத் தெரியாது. மாசத்துல பாதி நாள் அவரு ஊர் ஊரா சுத்தறாரு. வேலை போனா வீட்டுல இருப்பாருன்னு நெனச்சேன். அவர் நல்லதுக்குத்தான்க்கா.

அன்னிக்கு எனக்கு லீவு, அம்மா ஊர்ல இல்ல. ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனாரு. மீட்டிங் நடுவுல எல்லாரும் டீ குடிக்க வெளிய போனாங்க. நான் ரெண்டே ரெண்டு கார்டை இடம் மாத்தினேன்.

வந்த கம்பெனியோட முதலாளி சின்ன வயசு, ஜீன்ஸ் போட்டவரு. பக்கத்துல நரைச்ச தலையோட அவங்க கணக்காளர். அப்பா திரும்பி வந்து, கார்டைக் குனிஞ்சு பாத்துட்டு, அந்த முதலாளிகிட்டயே சிரிச்சுக்கிட்டுச் சொன்னாரு: "தம்பி, நீங்க கணக்கை மட்டும் பாருங்க. விலையை ஐயா பேசட்டும்."

"சரிங்க சார். ஐயா சம்பளம் போட்டா வாங்கிக்கறேன்"னாரு அவரு. கணக்காளர் சிரிப்பை அடக்க முடியாம இருமினாரு. அப்பாவோட மேனேஜர் மட்டும் சிரிக்கல. அந்த ஆர்டர் வரல.

கார்ல வரும்போது அப்பா கேட்டாரு, "கார்டை நான்தான் மாத்தி வெச்சுட்டேனாம்மா?"

"ஆமாப்பா. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நீங்களேதான் மாத்தினீங்க."

அன்னியிலேர்ந்து எதைத் தொட்டாலும் ஒருதரம் கேட்டுக்கறாரு. கேஸை மூடினேனா, மாத்திரை போட்டேனா, இது என் செருப்புதானான்னு. நானும் பொறுமையா பதில் சொல்றேன்.

 

இன்னிக்குச் சாயந்தரம் தண்ணி கொண்டுபோய்க் குடுத்தேன். ரெண்டு கையாலயும் வாங்கினாரு. என் முகத்தையே பாத்துட்டு, தயங்கித் தயங்கி, "நீ... சின்னவதானேம்மா?"ன்னாரு.

நாளைக்கு வேலையை விடறாரு. இனிமே எப்பவும் வீட்டுலதான் இருப்பாரு. நான் கேட்டது அவ்வளவுதானேக்கா.