ராசம்மா சொன்னது

எனக்குச் சிங்களம் நன்றாக வரும், ஐயா. லிந்துலைக் கடைவீதியில் வளர்ந்த பிள்ளைக்கு அது பெரிய காரியமில்லை. விசாரிக்க வந்த உங்களுக்குத் தமிழ், சிங்களம் இரண்டும் தெரியும் என்றார்கள். அதனால்தான் இந்த முறை வாயைத் திறக்கிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் தமிழ் தெரிந்த நர்ஸ்மார் மூன்று பேர் இருந்தோம். தனுஜா வெளிநாடு போனாள். பிரேமினி பிள்ளைப்பேற்று லீவில் போனாள். அவள் இடத்துக்கு யாரும் வரவில்லை. டொக்டர்மார் சிங்களவர், நோயாளிகளில் பாதிக்கு மேல் தோட்டத்துத் தமிழர். ஊசி, மருந்து, கட்டில் விரிப்பு எல்லாம் பார்க்க வேண்டும். அதற்கு நடுவில் எந்த வாட்டில் யார் முனகினாலும் "டெல்சியைக் கூப்பிடு" என்பார்கள், நான் போய்ச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். ஒரு டியூட்டி முடிந்தால் அடுத்ததையும் நானே பார்க்க வேண்டும். தூக்கம் போயிற்று. வீட்டில் கேத்தல் கொதித்தால்கூட யாரோ "மிஸ்ஸி" என்று கூப்பிடுவது போலக் கேட்கும். நர்ஸ்மாருக்கெல்லாம் மேலான பெரிய மிஸ்ஸியிடம் சொன்னேன். எல்லோருக்கும் அப்படித்தான் என்றார். பொய்யில்லை, அவர் கண்ணும் வீங்கித்தான் இருந்தது.

நோயாளிகள் சொல்வதை முதலில் சுருக்கத்தான் செய்தேன். பழனியாண்டி என்று ஒரு பெரியவர். கால்வலியைச் சொல்ல, வழுக்கி விழுந்த மலையில் தொடங்கி, வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா திட்டியது வரைக்கும் வருவார். "மொகத கியன்னே?" என்பார் டொக்டர், என்ன சொல்கிறார் என்று. கால்வலி என்பேன். டெல்சி இருந்தால் ரவுண்ட் சீக்கிரம் முடிகிறது என்று டொக்டர் பாராட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஒரு வலியைக் கூடுதலாகச் சொன்னால் ஒரு வேலை கூடும் என்று பிறகு கண்டுகொண்டேன். இரத்தம் எடுக்க வேண்டும், பக்கத்து வாட்டிலிருந்து ஈ.சி.ஜி. மெஷினைத் தள்ளிவர வேண்டும். தள்ளுவது நான்தான். அதனால் சிலதை விட்டுவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனது எனக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

ராசம்மா அக்கரப்பத்தனையில் கொழுந்து பறிக்கிறவர். இரத்தத்தில் சீனி கூடி, சீனி வருத்தத்துக்கு வந்திருந்தார். அன்று காலை ரவுண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்ஸி, விடியக்காலைலருந்து நெஞ்ச அடைக்குதுங்க. எடது கையி செத்துப்போன மாதிரி கெடக்கு. டொக்டர் ஐயாகிட்ட கொஞ்சம் சொல்லுங்க."

"மொகத கியன்னே?"

வாயுவாம், சாப்பாடு செமிக்கவில்லையாம் என்றேன். டொக்டர் அதற்கு மருந்து எழுதினார். ராசம்மா அவரைக் கும்பிட்டார்.

தெரியாமல் சொல்லவில்லை, ஐயா. இடது கை மரத்தால் என்ன அர்த்தம் என்று முதல் வருஷத்திலேயே படித்தேன். அன்று எனக்குப் பசித்தது. பல நாளைக்குப் பிறகு உட்கார்ந்து சோறு சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

மகள் வினோதா முறையிட்டாள். முதல் விசாரணைக்கு வந்த அதிகாரிகளுக்குத் தமிழ் தெரியாது. அவள் சொல்வதை மொழிபெயர்க்க வேறு யார் இருக்கிறார்கள்? என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

"எங்கம்மா நெஞ்சு வலின்னு சொன்னிச்சின்னு பக்கத்துக் கட்டில்காரவங்க சொல்றாங்க. அத யாருமே காதுல போட்டுக்கலையா?" என்று அழுதாள்.

அம்மா வலியை யாரிடமும் சொல்லவில்லையாம், மகளுக்கு யார் மேலும் குறை இல்லையாம் என்று சிங்களத்தில் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. எல்லாவற்றையும்விட அதுதான் எனக்கு வெட்கம். வெளியே வந்ததும் வினோதா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எங்களுக்காகப் பேச நீங்க ஒருத்தராவது இருக்கீங்களே, மிஸ்ஸி."

குற்றம் ஒன்றும் இல்லை என்று முடித்துவிட்டார்கள். அவள் ஒத்துக்கொள்ளாமல் மேலிடத்துக்குப் போனாள். அதனால்தான் இன்று நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

ராசம்மா சாகக் காரணம் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். வினோதா வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டாள். நானே போய்ச் சொல்கிறேன், ஐயா, அவள் மனம் நோகாமல், சுருக்கமாக.