என் கையாலேயே தடைசெய்த டிரைவர்

தாமதமாகத் தொடங்கிய கூட்டத்துக்குத் தளராத புன்னகையோடு தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற நூலகர் அவர்களே! பிள்ளைகள் அந்தப் பெட்டிக்கு முன்னால் என்னதான் செய்கிறார்கள் என்று கண்டறிந்தே தீர்வது என வந்திருக்கும் தாய்மார்களே! பெரியோர்களே! லினக்ஸின் பென்குவின் சின்னம் பொறித்த சட்டையோடு பெருமிதமாய் அமர்ந்திருக்கும் இளையோரே! மூன்றாண்டுகளுக்கு முன் இதே அரங்கில் கை உயர்த்தி, நம் லினக்ஸ் சங்கத்தின் செயலாளர் பொறுப்பிலிருந்து என்னை இறக்கி வைத்த செயற்குழுவினரே! எந்தக் கை முதலில் உயர்ந்தது என்பதை நான் மறக்கவில்லை. அந்தக் கைக்கு உரியவரும் இன்றைய செயலாளருமான பல் மருத்துவர் அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

விண்டோஸுக்குப் பதிலாக நாம் ஓட்டும் லினக்ஸில் கிராபிக்ஸ் டிரைவரைச் சரிசெய்து விளையாட்டுகளை ஓட்டுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். டிரைவர் என்றால் வண்டி ஓட்டுபவர் அல்ல, அம்மா. கணினிக்கும் அதற்குள் படம் வரையும் கார்டுக்கும் நடுவே நின்று பேசும் மென்பொருள். அது இல்லையென்றால் இருவரும் ஒரே பெட்டிக்குள் இருந்தும் பேச்சுவார்த்தை கிடையாது. சிரிக்கிறீர்கள். சில வீடுகள் அப்படித்தான் இருக்கின்றன. என் வீடு அப்படித்தான் இருந்தது.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. இருவரும் ஒரு படகுப் பந்தயம் ஆடுவோம். ஒரே விசைப்பலகை. அம்புக்குறிகள் அவளுக்கு, எழுத்துகள் எனக்கு. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் முழங்கை என் விலாவில் இடிக்கும். வலிக்காத இடி! வாங்கிக்கொண்டே இருக்கலாம் போன்ற இடி! ஒருநாள் கடைசித் திருப்பத்தில் இரண்டு படகும் சமமாக வருகின்றன. திரை உறைந்துவிட்டது.

"அப்பா, யாரு ஜெயிச்சது?"

"ஸ்டக் ஆயிடுச்சும்மா."

"சீக்கிரம் ரீஸ்டார்ட் பண்ணுங்கப்பா. அம்மா கூப்பிடுறாங்க."

கணினி மறுபடி எழுந்து வருவதற்குள் வாசலுக்கு வண்டி வந்துவிட்டது. பெட்டிகளை ஏற்றினார்கள். தாயும் மகளும் வேறு ஊருக்குப் போனார்கள். அதோடு அந்த வீட்டில் நான் ஒருவன்.

எட்டு ஆண்டுகள்! தொலைபேசியில், "சாப்டியா?" "ம்." "படிக்கிறியா?" "ம்." ஒரு தகப்பனுக்கு வாரம் இரண்டு 'ம்' போதுமா? போதாது. ஆனால் அதுவும் கிடைக்காமல் போகுமோ என்று பயந்து, அதற்குமேல் நான் கேட்டதில்லை.

சென்ற மாதத்துக்கு முந்தைய மாதம் அவளே கேட்டாள்: "அப்பா, அந்தப் போட் கேம் புதுசா வந்திருக்கு. ஆன்லைன்ல ரெண்டு பேர் ஆடலாம். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வர்றீங்களா?"

வருகிறீர்களா என்றா கேட்கிறாள்? கேட்டதே போதாதா? மறுநாளே புது கார்டு வாங்கினேன். பொருத்தினேன். விளையாட்டைத் திறந்தேன். நான்கு நொடிக்கு ஒரு படம் வந்தது. படகு போகவில்லை, ஒவ்வொரு ஓவியமாக மாட்டிக் கழற்றினார்கள்!

"விண்டோஸ் போட்டிருக்கலாமே" என்கிறார் அங்கே ஒரு தம்பி. உட்காருங்கள் தம்பி. அந்தச் சண்டையை வெளியே வைத்துக்கொள்வோம்.

யாரைத் திட்டவில்லை நான்? கார்டு செய்தவனைத் திட்டினேன். டிரைவர் எழுதியவனைத் திட்டினேன். ஐந்து நாள் அலைந்தேன். கார்டு இருக்கிறது, டிரைவர் இருக்கிறது, ஆனால் டிரைவர் உள்ளே வர மறுக்கிறது. ஞாயிறு மதியம் மணி மூன்று. இதற்கு வழி தெரிந்தவர் ஒருவர்தான். மூன்றாண்டுகளாக எந்த எண்ணை அழைக்கமாட்டேன் என்று இருந்தேனோ, அந்த எண்ணை அழைத்தேன்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"முன்னாள் செயலாளர்."

"சொல்லுங்க சார். பல்லா, கம்ப்யூட்டரா?"

சொன்னேன்.

"அந்த டிரைவரை யாராவது தடை பண்ணி வச்சிருக்காங்களான்னு பாருங்க சார்."

"என் வீட்ல வேற யாரு இருக்கா டாக்டர்?"

"அதான் பாக்கச் சொல்றேன்."

பார்த்தேன். அமைப்புக் கோப்புகளுக்கு நடுவே ஒரு கோப்பு. அதில் ஒரே வரி: இந்த டிரைவரை ஏற்றாதே. அதற்கு மேலே என் குறிப்பு: 'இனி ஒருபோதும் வேண்டாம்.' பக்கத்தில் தேதி. என் மகள் போன தேதி! திரை உறைந்த கோபத்தில் நானே எழுதியது. எழுதிவிட்டு, விளையாட்டையே விட்டுவிட்டதால், மறந்தேன். எட்டாண்டுகளாக லினக்ஸ் பதிப்பை மாற்றினேன், கணினியின் தாய்ப்பலகையை மாற்றினேன், அந்த வரி மட்டும் என்னோடு வந்தது. புது கார்டுக்கும் அதே டிரைவர்தான் தேவைப்பட்டது.

அழித்தேன். மறுபடி தொடக்கினேன். அப்போதும் வரவில்லை.

"அழிச்சா மட்டும் போதாது சார்," என்றார் டாக்டர். "கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது மொதல்ல படிக்கிற பொதிக்குள்ள அதோட நகல் ஒண்ணு இருக்கும். அதையும் புதுசா கட்டணும்."

இதே மேடையில் எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக்கொடுத்தது அது! என் வீட்டுக்கு மட்டும் மறந்துவிட்டது.

கட்டினேன். எழுந்தது! தண்ணீர் பளபளத்தது, படகு பறந்தது. மணி ஐந்து பத்து. மகள் பெயருக்குப் பக்கத்தில், இணைப்பில் இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு இல்லை. அழைத்தேன்.

"நாலு மணின்னு சொன்னேன்ப்பா."

"கார்டு எழும்பலைம்மா."

"உங்களுக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு எழும்பாது."

"இல்லம்மா. நான்தான் தடை போட்டு வச்சிருந்தேன். நானே."

இந்த முறை 'ம்' கூட வரவில்லை. பிறகு, "அதை இப்பத்தான் கண்டுபிடிச்சீங்களா?" என்றாள். சிரித்தாளா, அழுதாளா, எனக்குத் தெரியவில்லை. "இன்னைக்கு முடியாதுப்பா. வேற ஒரு ஞாயித்துக்கிழமை பாக்கலாம்."

எந்த ஞாயிறு என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே அன்பர்களே! டிரைவர் வரவில்லை என்று உலகத்தைத் திட்டுமுன், உங்கள் கையால் எழுதிய தடை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்! தேடி அழியுங்கள்! அழித்தபின் நகலையும் அழியுங்கள்! காத்திருப்பவரின் பச்சை விளக்கு அணையுமுன் செய்யுங்கள்! பல் மருத்துவர் அவர்களே, உங்களை மன்னித்துவிட்டதாக அறிவிக்க நான் மேடையேறவில்லை. அதற்கு இன்னும் கொஞ்சம் நாளாகும். ஆனாலும் நன்றி.

பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும் தலைவருக்கும் நன்றி. குழுப்படத்துக்கு என்னைத் தேட வேண்டாம். மணி மூன்று இருபது. இன்று ஞாயிற்றுக்கிழமை. ஐந்து வாரமாக ஞாயிறுதோறும் நாலு மணிக்கு நான் அந்தப் படகில் காத்திருக்கிறேன். வழிவிடுங்கள். வணக்கம்.