அந்த நான்கு எண்களை இதில் எழுத வேண்டாம்

என் பெயர் ஜானட். வயது 38. கணவர் பெயர் கஸ்பார். ராயபுரம், சூசையப்பர் சந்து, கதவு எண் 14 என்ற முகவரியில் குடியிருக்கிறேன். இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் இறால் உரிக்கும் வேலை செய்கிறேன். என் கணவர் காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். எங்களுக்கு டோரதி என்று ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். என் கணவர் கொடுத்த புகாரில் சந்தேக நபர் என்று எழுதப்பட்டிருக்கும் ஃப்ரெடி, வயது 26, எர்ணாவூர் குடியிருப்பில் வசிப்பவன், என் கூடப் பிறந்த தம்பி. அவன் விஷயமாகத்தான் இன்று நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். யாரும் சொல்லி அனுப்பவில்லை. என் கணவர் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார், அவரும் சொல்லி அனுப்பவில்லை.

என் கணவர் கடலுக்குப் போனால் திரும்பி வர ஒரு வாரம், சில சமயம் பத்து நாள் ஆகும். அதனால் போகும்போது தன் ஏடிஎம் கார்டை என்னிடம் கொடுத்துவிட்டு போனை மட்டும் கையோடு எடுத்துப் போவார். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் போனுக்கு டவர் கிடைக்காது. கணக்கு அவர் பெயரில் இருக்கிறது, பணம் எடுத்தால் மெசேஜ் வருவதும் அவர் போனுக்குத்தான். கார்டு கரையில், போன் கடலில். இது தப்பு என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை, காசிமேட்டில் பாதி வீட்டில் இப்படித்தான் நடக்கிறது.

சென்ற மாதம் இரண்டாவது சனிக்கிழமை டோரதி சர்ச்சில் முதல்முறையாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கான கவுனுக்கு அளவு கொடுக்கத் திருவொற்றியூரில் ஒரு டைலரிடம் போயிருந்தேன். அதன் பிறகு திருவொற்றியூர் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி, உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்தேன். ராயபுரத்தில் இறங்கிப் பையைத் தோளில் மாட்டியபோது அடிப்பக்கம் பிளேடால் கிழிக்கப்பட்டு லைனிங் துணி வெளியே தொங்கியது. உள்ளே இருந்த பர்ஸ் இல்லை. பர்ஸில் கார்டு, கொஞ்சம் சில்லறை, ஒரு சாமி படம் ஆகியவை இருந்தன. முதலில் விசாரித்தபோது சாமி படத்தை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. நானும் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை.

கார்டு தொலைந்தால் கூப்பிட வேண்டிய எண் கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறதாம். கார்டு போனதும் அதுவும் கூடவே போய்விட்டது. இரண்டாவது சனிக்கிழமை என்பதால் வங்கியும் மூடியிருந்தது. எனக்கு வேறு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஃப்ரெடியைக் கூப்பிட்டேன். அவன் எர்ணாவூரிலிருந்து வண்டியில் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. வந்ததும் வராததுமாக, "போட் நம்பர்தானேக்கா இன்னும்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

அதைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். என் கணவர் தன் கார்டுக்கு ரகசிய எண்ணாக வைத்திருந்தது அவர் ஓட்டும் படகின் பதிவு எண்ணில் கடைசி நான்கு. ஈஸ்டர் அன்று எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, பிரியாணி வாங்கி வர என் கணவர் கார்டை எடுத்து வேலைக்காரப் பையனிடம் நீட்டுவதைப் போல ஃப்ரெடியிடம் நீட்டி, நம்பர் போட் நம்பர்தான் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். ஃப்ரெடி கார்டை வாங்கவில்லை. "ஊரே பாத்துகினு கீற நம்பர் மாமா அது. அவ்ளோ பெருசா பெயின்ட் அடிச்சி வச்சிகினு, அதையே கார்டுக்கும் வச்சா எப்டி? மாத்திடு" என்றான். என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு சோறு போடற நம்பருடா அது, நீ இன்னா எனக்கு சொல்லித் தர்றது" என்று சொல்லிவிட்டு அவரே கடைக்குப் போனார். அன்று பிரியாணி ஆறிப்போய்த்தான் சாப்பிட்டோம்.

இப்போது நடந்த சம்பவத்தை மட்டும் சொல்லும்படி உதவி ஆய்வாளர் அவர்கள் கூறினார். ஈஸ்டரும் சம்பவம்தான் என்று நான் கூறியதால் அதுவும் எழுதப்பட்டது.

அதன் பிறகு ஃப்ரெடி தன் போனில் வங்கியின் எண்ணைத் தேடவில்லை. தேடினால் திருட்டுப் பசங்கள் போட்டு வைத்திருக்கும் எண்ணும் வரும் என்று சொல்லி, என்னை வண்டியில் வீட்டுக்குக் கூட்டி வந்து, பாஸ்புக்கில் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்துப் போன் போட்டுக் கொடுத்தான். அதில் பேசிய பெண் கணக்கு வைத்திருப்பவரின் பிறந்த தேதியைக் கேட்டார். நாங்கள் கேக் வெட்டும் தேதியைச் சொன்னேன். தவறு என்றார். என் கணவருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி வேறு. பன்னிரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியும் அது எனக்குத் தெரியாது. ஃப்ரெடிதான் பீரோவில் ஆதார் நகலைத் தேடி எடுத்துப் படித்தான். கார்டு முடக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே கொருக்குப்பேட்டையில் உள்ள ஒரு ஏடிஎம்மில் நான்கு தடவையாக நாற்பதாயிரம் ரூபாய் எடுக்கப்பட்டுவிட்டதாக அந்தப் பெண் சொன்னார். அது டோரதியின் புதுநன்மை விருந்துக்கு வைத்திருந்த பணம்.

அதன் பிறகு வியாழக்கிழமை காலை படகு கரைக்குத் திரும்பியது. டவர் கிடைக்கிற இடத்துக்கு வந்ததும் என் கணவர் போனில் நான்கு மெசேஜும் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்திருக்கின்றன. துறைமுகம் வந்து சேரும் வரை அவர் அதையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். அதனால் வீட்டுக்குள் நுழையும்போதே முடிவு பண்ணிக்கொண்டுதான் நுழைந்தார். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும் முன்பே, "நம்பர் தெரிஞ்சவன் எவன் கீறான்? உன் தம்பிதான் கீறான். மாத்து மாத்துன்னான், நான் மாத்தல, எடுத்துட்டான்" என்று சொன்னார். எர்ணாவூரிலிருந்து வர அவனுக்கு ஏன் முக்கால் மணி நேரம் ஆனது, வருகிற வழியில் கொருக்குப்பேட்டைக்குள் போய்விட்டுத்தான் வந்திருக்கிறான் என்றும் சொன்னார். எச்சரிக்கை செய்தவனே திருடன் ஆகிவிட்டான். அன்று என் வாயில் நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை.

அதன் பிறகு என் கணவர் இங்கே புகார் கொடுத்தார். சரியான ரகசிய எண் போட்டுத்தான் பணம் எடுக்கப்பட்டிருக்கிறது, ஆகவே தெரிந்தவர் வேலையாக இருக்கும் என்று வங்கி மேலாளரும் சொல்லிவிட்டார். ஏடிஎம் கேமராவில் பதிவான ஆள் கறுப்பு ஹெல்மெட்டும் மாஸ்க்கும் போட்டிருந்ததாகச் சொல்கிறார்கள். ஃப்ரெடியிடமும் கறுப்பு ஹெல்மெட் இருக்கிறது. வடசென்னையில் வண்டி வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பார்த்தால் தெரியும், யாரிடம் இல்லை? அவனை இரண்டு முறை வரவழைத்துக் காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஃப்ரெடிக்கு ஏழெட்டு மாதமாக நிலையான வேலை இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் உள்ள ஒரு கண்டெய்னர் யார்டில் கிரேன் ஆபரேட்டர் வேலை கிடைத்திருக்கிறது. துறைமுகத்துக்குள் போய்வர அவனுக்குப் பாஸ் வேண்டும், பாஸுக்குக் காவல்துறை சான்று வேண்டும். சான்றில் இப்போது விசாரணை நிலுவையில் உள்ளது என்று வருகிறது. இந்த மாதம் முடிவதற்குள் பாஸ் கொண்டு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று யார்டில் சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு நான் வந்ததே இதற்காகத்தான்.

சென்ற ஞாயிறு பூசையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மரியம், அதாவது என் கணவர் ஓட்டும் படகில் வேலை செய்யும் ஒருவரின் மனைவி, காணிக்கை போட பர்ஸைத் திறந்தபோது அவர் கையிலிருந்து ஒரு சாமி படம் கீழே விழுந்தது. நான் குனிந்து எடுத்தேன். என் பர்ஸில் இருந்ததும் அதே படம்தான். மீனவர்களின் புனிதரான இராயப்பர் திருவிழாவில் ஃபாதர் படகை மந்திரித்து ஆசீர்வதித்தபோது படகு ஓனர் லேமினேட் பண்ணி வேலையாட்கள் வீட்டுக்கெல்லாம் கொடுத்தது. ஒரு பக்கம் இராயப்பர். மறு பக்கம் மாலை போட்ட படகு, அதன் நெற்றியில் பதிவு எண் பளிச்சென்று தெரிகிறது, கீழே மந்திரித்த வருஷமும் அச்சடித்திருக்கிறது. மரியம் அதைத் தன் கார்டு இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் திரும்பச் செருகினார். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். காப்பாற்றட்டும் என்று கார்டோடு சேர்த்து வைத்திருந்தேன். பூட்டையும் சாவியையும் ஒரே உறையில் போட்டு ரயிலில் கொண்டு போயிருக்கிறேன்.

மறுநாள் இங்கே வந்து சொன்னபோது, ஒரு படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றார்கள். நான் விடாமல் கேட்டதால் பெண் காவலர் ஜெயக்கொடி என்னுடன் காசிமேட்டுக்கு வந்தார். படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் கணவரையும் சேர்த்து எட்டுப் பேர் இருந்தார்கள். உங்கள் கார்டுக்கு என்ன நம்பர் வைத்திருக்கிறீர்கள் என்று பொதுவாகக் கேட்டேன். சிரித்தார்கள். போலீஸைக் கூட்டி வந்து கேட்டால் சொல்லிவிடுவோமா என்று ஒருவர் கேட்டார். படகின் நெற்றியில் எழுதியிருந்த எண்ணைக் கையால் காட்டினேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஐஸ் பெட்டி பிடித்துக்கொண்டிருந்த வல்லரசு என்பவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பர்ஸை எடுத்து, கார்டு பக்கத்திலிருந்த சாமி படத்தை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நான் மட்டும்தான் வச்சிகினு கீறேன்னு நெனச்சேன்" என்றார். இன்னொருவர் தானும் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார். எட்டுப் பேரில் ஆறு பேருக்கு அதே எண். ஒவ்வொருவரும் இது தன் மூளையில் மட்டும் உதித்த ரகசியம் என்று இத்தனை நாள் இருந்திருக்கிறார்கள். என் கணவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றார்.

அது என்ன எண் என்று உதவி ஆய்வாளர் அவர்கள் கேட்டார். அந்த நான்கு எண்களை இதில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்களில் இரண்டு பேர் இன்னும் மாற்றவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். பணம் எடுத்தவன் முதல் தடவை தவறான எண்ணைப் போட்டிருக்கிறான், இரண்டாவது தடவைதான் சரியாகப் போட்டிருக்கிறான் என்று வங்கியில் சொன்னதாகப் பெண் காவலர் என்னிடம் கூறினார். என் தம்பிக்கு ஈஸ்டரிலிருந்து அந்த எண் தெரியும். தெரிந்தவன் ஏன் தப்பாகப் போட வேண்டும்? படத்தின் கீழே இருக்கும் வருஷத்தைத்தான் முதலில் போட்டுப் பார்த்திருப்பான் என்பது என் எண்ணம். அதை என்னால் நிரூபிக்க முடியாது. ரயிலில் பையைக் கிழித்தவன் யார் என்றும் எனக்குத் தெரியாது. அவன் என் தம்பி இல்லை என்பது தெரியும்.

காசிமேட்டுக்குப் போன அன்று மாலையே என் கணவர் தன் புதுக் கார்டின் எண்ணை மாற்றிவிட்டார். புகாரை மட்டும் மாற்றவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான் என்றார். நீயே ஸ்டேஷனுக்கு வந்து புகாரை மாற்றி எழுதிக் கொடுக்கும் வரை உனக்குச் சோறு போடுவேன், பேச மாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன். இது வீட்டு விஷயம், எழுத வேண்டியதில்லை என்று உதவி ஆய்வாளர் அவர்கள் கூறினார். என் கணவர் இன்று என் பின்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பது இதனால்தான் என்று நான் கூறியதால் எழுதப்பட்டது.

கடைசியாக ஒன்று. நான் இப்போது என் பெயரில் தனிக் கணக்கு தொடங்கியிருக்கிறேன். மெசேஜ் என் போனுக்கே வருகிறது. நேற்று அந்தக் கார்டுக்கு எண் போட மெஷினுக்குப் போனேன். எனக்கு அது பழக்கமில்லாததால் ஃப்ரெடியைத் துணைக்குக் கூப்பிட்டேன். வந்தான். ஆனால் உள்ளே வரவில்லை. என்னென்ன அமுக்க வேண்டும் என்று வெளியிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டு, படியிறங்கிப் போய் மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றான். கைகள் இரண்டையும் பின்னால் கட்டியிருந்தான். உன்னை நான் சந்தேகப்படவில்லை, உள்ளே வாடா என்று இரண்டு முறை கூப்பிட்டேன். அவன் திரும்பாமலே, "வேணாங்க்கா. நாளைக்கு எதுனா ஆச்சின்னா எனக்குத் தெரியவே தெரியாதுன்னு நான் சொல்லணுமில்ல" என்றான்.

இங்கே உட்கார வைத்த இடத்தில் அவன் அப்படித்தான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவன் பெயரை எடுத்துவிட்டு, மாதம் முடிவதற்குள் சான்று கிடைக்கும்படி செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை எழுதியதைப் பெண் காவலர் ஜெயக்கொடி எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை. வெளியே பெஞ்சில் இருப்பவரையும் கூப்பிட்டு இதைப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
க. ஜானட்